கேம்ப் நம்பர் நாலு, உல்லாஸ்நகர்: அம்மாவோடு நான்கு நாள்

முதல் நாள், ஆகஸ்ட் 7

“இவங்க இன்னும் முகாம்லயா இருக்காங்க?”

அம்மா கேட்ட இந்தக் கேள்வியால்தான் இந்தப் பயணம். அம்பர்நாத்தில் இருக்கும் சித்தப்பா, அம்மாவின் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் ஏற்பாடு செய்திருந்தார். அவரோடு முப்பது வருடம் வேலை பார்த்த சிந்தி நண்பர்தான் அதை வாங்கி மும்பை செம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூரியரில் போட்டிருந்தார். உறையின் மேல் அனுப்பியவர் முகவரி: பேரக் எண், அறை எண், கேம்ப் நம்பர் 4, உல்லாஸ்நகர். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

அம்மாவுக்கு முகாம் என்பது வெறும் சொல் இல்லை. அவர் ரங்கூனில் பிறந்தவர். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியபோது சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். தாத்தாவின் மளிகைக் கடையும் அப்படிப் போனதுதான். 1965-இல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. கொஞ்ச நாள் முகாம், அப்புறம் வியாசர்பாடி.

சரி, நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டோம். செம்பூரிலிருந்து குர்லா, அங்கே மாறி அம்பர்நாத் வண்டி. கல்யாணில் பாதிப் பெட்டி இறங்கியது. கல்யாணுக்கு அப்பால் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கசாரா பக்கம் போனால் முதல் நிலையம் ஷஹாட். கர்ஜத் பக்கம் போனால் விட்டல்வாடி, அடுத்து உல்லாஸ்நகர், அதற்கடுத்து அம்பர்நாத். ஷஹாட், விட்டல்வாடி, உல்லாஸ்நகர் மூன்றுமே ஒரே ஊருக்கான நிலையங்கள். அந்த ஊரின் பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 5,06,098. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மழைத் தண்ணீர் இறங்கவும் இடம் இருக்குமா என்று தோன்றியது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சித்தப்பா சொல்ல ஆரம்பித்தார். “முதல்ல இது மிலிட்டரி கேம்ப் அண்ணி. சண்டைக்குப் போற பட்டாளத்தை நிறுத்தி வைக்கிற இடம்.” இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் இடைத்தங்கல் முகாம் என்று பிரிட்டிஷார் கட்டியது. 6,000 படைவீரர்களும் இன்னும் 30,000 பேரும் தங்குவதற்காக 2,000-க்கும் மேற்பட்ட பேரக்குகள். நீளமான கூடம், இரண்டு முனைகளிலும் சின்ன அறைகள், சாய்வான கூரை. போர் முடிந்ததும் எல்லோரும் போய்விட, நடுக்காட்டில் கட்டிடங்கள் மட்டும் நின்றன.

அந்தக் காலி முகாமுக்குத்தான் சிந்து மாகாணத்து இந்துக்கள் வந்தார்கள். 1947 பிரிவினையில் பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஆளுக்குப் பாதி மண்ணாவது மிஞ்சியது. சிந்து முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போனது. 1948 ஜனவரி 6-இல் கராச்சியில் கலவரம் வெடித்த பிறகு கப்பல் கப்பலாகப் பம்பாய் வந்தார்கள். 1936 வரை சிந்து பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்திருந்ததால், வியாபாரத்துக்கும் படிப்புக்கும் அவர்களுக்குப் பழக்கமான ஊர் பம்பாய்தான். ஆனால் அத்தனை பேரை ஊருக்குள் வைக்க இடம் ஏது? ரயிலேற்றிக் கல்யாணுக்கு அனுப்பினார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்ட ஐந்து முகாம்கள்.

“எங்களுக்கும் நம்பர்தான் போட்டாங்க” என்றார் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள், ஆகஸ்ட் 8

விடாத மழை. சித்தப்பா ஆட்டோ பிடித்து எங்களை நான்காம் கேம்புக்கு அழைத்துப் போனார். இன்று என்ன தேதி என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேரக் என்றதும் தகரக் கொட்டகையை நினைத்துக்கொண்டு போனேன். பழைய கூடத்தின் நீளம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த நீளத்தை எட்டு பத்துத் துண்டாக்கி, ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டின் மேல் ஒரு மாடி, அதன் மேல் இன்னொன்று என்று ஏற்றியிருக்கிறார்கள். ஒன்று பச்சை, ஒன்று சந்தன நிறம், ஒன்றுக்குப் பூச்சே இல்லை. ஆனால் அடியில் எல்லாவற்றுக்கும் ஒரே பழைய சுவர். சந்துக் கோடியில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் அந்தக் காலத்துச் சாய்வு ஓடு அப்படியே இருந்தது.

நண்பர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே கட்டிலில் அவருடைய அம்மா. எண்பத்தைந்து வயது. வீட்டில் எல்லோரும் அவரை ‘அமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேரன் “அமா!” என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் எங்கள் அம்மா திரும்பிப் பார்த்தார்.

உட்கார்ந்த உடனே ஒரு தட்டில் சுட்ட அப்பளமும் தண்ணீரும் வந்தன. சிந்தி வீட்டில் யார் வந்தாலும் முதலில் அதுதான், தேநீரெல்லாம் அப்புறம். வெயிலில் வந்தவருக்கு உப்பும் நீரும் வேண்டும் என்று பாலை நிலத்தில் பழகிய வழக்கம் என்றார் நண்பர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு துண்டு கூட வைக்காமல் அப்பளத்தைச் சாப்பிட்டார்.

அமாவுக்கு இந்தி வரும். அம்மாவுக்குப் பர்மா பஜார் இந்தி வரும். தாத்தா வியாசர்பாடிக்கு வந்த பிறகு பர்மா பஜாரில் கடை போட்டவர். அம்மா பள்ளி விட்டதும் அங்கேதான் உட்காருவார். இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் என் தேவை இல்லாமல் போய்விட்டது.

அமா கப்பலேறியபோது வயது எட்டு. கராச்சித் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து சோதித்தது, அவருடைய அம்மா ஒரு வளையலைப் பிள்ளையின் இடுப்பில் கட்டியது, கப்பலில் வாந்தி, பம்பாயில் இறங்கியதும் ஊசி போட்டது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று தன் பாவாடை நாடாவைத் தொட்டுக் காட்டி, “இதுக்குள்ள ரெண்டு கம்மல்” என்றார். ரங்கூன் துறைமுகத்திலும் அதே சோதனை. அறுபது வருடத்தில் இதை அம்மா எங்களிடம் சொன்னதே இல்லை.

பிறகு பேரக். ஒரு கூடத்தில் பல குடும்பங்கள். நடுவில் சேலையையும் சாக்கையும் கட்டித் தடுப்பு. பக்கத்துத் தடுப்பில் குழந்தை இருமினால் இங்கே எல்லோரும் எழுந்துவிடுவார்களாம். அமாவின் அம்மா அப்பளம் இட்டார். அண்ணன் பள்ளிக்கூடம் போகாமல் லோக்கல் வண்டியில் கைக்குட்டையும் மிட்டாயும் விற்றான். “எல்லோரும் எங்களை ஷரணார்த்தி என்றார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. நாம் ஷரணார்த்தி இல்லை, புருஷார்த்தி என்பார்” என்றார் அமா. அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் இல்லை, உழைத்துப் பிழைப்பவர்கள் என்று அர்த்தம். அந்தத் தலைமுறை முழுக்க இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறது.

அம்மா தன் பங்குக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற சொல்லைச் சொன்னார். நான் இந்தியில் விளக்கினேன். “நான் பொறந்தது ரங்கூன். அதுவரைக்கும் மெட்ராஸைப் பார்த்ததே இல்ல. பார்க்காத ஊருக்கு எப்படிங்க திரும்ப முடியும்?” அமா தலையை ஆட்டிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காகிதச் சொல்லை நானும் எத்தனையோ படிவங்களில் பார்த்திருக்கிறேன். அதில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது தேதிக்கு வருகிறேன். 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதிதான் இந்த முகாமை ஊராக்கி அடிக்கல் நாட்டினார்கள். நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர், நம் சேலத்துக்காரர். உல்லாஸ்நகர் என்ற பெயரும் அன்று வந்ததுதான். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் உல்லாஸ். அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்றும் பொருள். தமிழில் உல்லாசம் என்றால் நமக்கு உல்லாசப் பயணம்தான் நினைவுக்கு வரும். வீடு, நிலம், ஆறு எல்லாம் போன ஜனங்கள் இருந்த இடத்துக்கு அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். பெருந்துணிச்சல்தான்.

அமாவுக்கு அந்த நாள் மங்கலாக நினைவிருக்கிறது. சேறு, கூட்டம், அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தது, தூரத்தில் வெள்ளை உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு மெலிந்த மனிதர். என்ன பேசினார் என்று ஒரு வார்த்தையும் நினைவில்லை. எல்லோருக்கும் இனிப்பு உண்டு என்று யாரோ சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

“அவர் எங்க ஊர்க்காரர்” என்றார் அம்மா. சொல்லும்போது அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்து இன்னொன்று சொன்னார். “தெரியுமா, எங்கப்பா கடை போட்ட பர்மா பஜார் இருக்கே, அந்த ரோட்டுப் பேரும் ராஜாஜி சாலைதான்.”

உண்மைதான். பாரிமுனையிலிருந்து துறைமுகத்தை ஒட்டிப் போகும் அந்தச் சாலையின் ஓரத்தில்தான் பர்மாவிலிருந்து வந்தவர்கள் வரிசையாகப் பெட்டிக்கடை வைத்தார்கள். எத்தனையோ முறை அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

மதியம் சிந்தி கடி. கடலை மாவை வறுத்து, புளி விட்டு, முருங்கைக்காயும் வெண்டைக்காயும் போட்ட குழம்பு. வட நாட்டு மோர்க்குழம்பு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். மோரே இல்லை, நம் சாம்பாருக்குப் பக்கத்து வீடு. அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது நண்பர் பீரோவிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்துக் காட்டினார். சனத், அதாவது உரிமைப் பத்திரம். 1954-இல் வந்த இடம்பெயர்ந்தோர் இழப்பீடு, மறுவாழ்வுச் சட்டத்துக்குப் பிறகு, சிந்துவில் விட்டுவந்த சொத்துக்கு ஈடாக முகாம் அறைகளே பலருக்குச் சொந்தமாயின. ஆகவே முகவரியில் பேரக் எண் நின்றுவிட்டது. பத்திரத்தில் அதுதானே இருக்கிறது.

“அப்ப முகாம் இல்ல, வீடுதான்” என்றார் அம்மா ஆட்டோவில். தமிழ்நாட்டில் மண்டபத்திலும் மற்ற ஊர்களிலும் 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் ‘அகதிகள்’ என்பதை நீக்கி ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். அங்கே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அவர்கள் கையில் சனத் மாதிரி ஒரு காகிதம் இல்லை. அமாவின் பீரோவை நினைத்துக்கொண்டே வந்ததால் இதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9

மழை கொஞ்சம் விட்டது. கடைத்தெரு பார்க்கும் நாள். இரண்டாம் கேம்பில் கஜானந்த் மார்க்கெட்; சேலை, சுடிதார்த் துணி எல்லாம் மொத்த விலைக்கு. மரச்சாமான் கடைகள் தனியாக. ஐந்தாம் கேம்பில் ஜீன்ஸ். தையல் எந்திரங்களின் சத்தம் மாடிகளிலிருந்து தெருவுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெட்டுபவர், தைப்பவர், நூல் பிசிறு வெட்டுபவர், பொத்தான் அடிப்பவர் என்று ஆளாளுக்கு ஒரு வேலை. இன்று தைப்பவர்களில் பலர் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள்.

‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று ஒரு பழைய கிண்டல் மும்பை முழுக்க உண்டு. யு.எஸ்.ஏ. என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷனாம். வெளிநாட்டுப் பொருளைப் போலவே செய்து அப்படி முத்திரை குத்துவார்களாம். சித்தப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. “பர்மா பஜாரையும் இப்படித்தான் பேசுவாங்க. வாங்க மட்டும் எல்லாரும் வருவாங்க.” கையில் முதல் இல்லாமல் வந்தவர்கள் கைத்தொழிலையும் சில்லறை வியாபாரத்தையும்தான் நம்ப முடியும். லோக்கல் வண்டியில் கைக்குட்டை விற்ற பையன்களின் தலைமுறைதான் இந்தக் கடைத்தெருவைக் கட்டியது. கிண்டல் செய்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஊர் கல்யாணை ஒட்டியே இருந்தாலும் கல்யாணோடு சேரவில்லை. 1983-இல் கல்யாண், டோம்பிவிலியையெல்லாம் சேர்த்து மாநகராட்சி ஆக்கியபோதும் உல்லாஸ்நகர் தனியாகவே நின்றது. 1996-இல் அதற்கே ஒரு மாநகராட்சி வந்தது. எங்கே கல்யாண் முடிகிறது, எங்கே இது தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. ஆட்டோக்காரருக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

எல்லாமே நல்ல கதை இல்லை. பேரக்கின் மேல் மாடி ஏற்றிய அதே கைகள் பிறகு அனுமதியில்லாமல் அடுக்குமாடிகளும் எழுப்பின. 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 855 கட்டிடங்களை இடிக்க உத்தரவிட்டது. அவற்றில் குடியிருந்தவர்களை எங்கே அனுப்புவது? மறு வருடமே அவற்றை முறைப்படுத்த மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2021 மே மாதத்தில் இரண்டு கட்டிடங்களில் மாடித் தளம் இடிந்து விழுந்து உயிர்கள் போயின. ஒரு முறை எல்லாம் இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி இப்படி நேரக்கூடாது.

சாயங்காலம் வால்துனி ஆற்றைப் பார்த்தோம். அம்பர்நாத் பக்கத்து மலையிலிருந்து இறங்கி, ஊருக்குள் ஓடி, உல்லாஸ் ஆற்றில் சேர்வது. மழைக்காலமானதால் தண்ணீர் நிறைய. ஆனால் வாடை மூக்கைப் பிடிக்கிறது. ஜீன்ஸைத் துவைத்து வெளுப்பேற்றும் பட்டறைகளின் சாயநீரும் ரசாயன ஆலைகளின் கழிவும் வருடக்கணக்கில் இதில்தான் கலந்தன. 2014 கடைசியில் டாங்கரில் கொண்டுவந்து கொட்டிய ரசாயனத்தால் கரையோரம் நூற்றுக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். பிறகு வழக்குகள் நடந்து துவைக்கும் பட்டறைகள் பல மூடப்பட்டன.

திருப்பூரில் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது என் தோழி வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போனது. ஆறும் வேண்டும், அந்த வேலையும் வேண்டும். பாலத்தின் மேல் நின்றபோது எனக்கு அந்தத் தோழியின் அப்பா முகம்தான் தெரிந்தது.

இதே வால்துனிக் கரையில், கொஞ்சம் மேலே, அம்பர்நாத் சிவன் கோயில். கி.பி. 1060-இல் சிலாஹார மன்னர்கள் கட்டியது. கறுப்புக் கல் முழுக்கச் சிற்பம். கருவறைக்கு ஏறிப் போக வேண்டியதில்லை, இருபது படிபோலக் கீழே இறங்க வேண்டும். அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மேலேயே நின்று கும்பிட்டார்.

நான்காம் நாள், ஆகஸ்ட் 10

இன்று திரும்ப வேண்டும். அதற்கு முன் அமா எங்களை ஐந்தாம் கேம்பில் இருக்கும் சாலிஹா சாஹிப் கோயிலுக்குப் போகச் சொல்லியிருந்தார். சிந்திகளுக்கு இது நாற்பது நாள் விரதக் காலம். அதற்குத்தான் சாலிஹோ என்று பெயர். தட்டா நகரத்தில் மிர்க் ஷா என்ற ஆட்சியாளன் மதம் மாறச் சொல்லி மிரட்டியபோது, மக்கள் சிந்து நதிக் கரையில் நாற்பது நாள் நோன்பிருக்க, ஜூலேலால் பிறந்து காப்பாற்றினார் என்பது நம்பிக்கை. மீன் மேல் அமர்ந்த, வெண்தாடி வைத்த தெய்வம். நதியின் தெய்வம், நதியோ எல்லைக்கு அப்பால். இங்கே எரியும் ஜோதியைச் சிந்துவிலிருந்தே கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறார்கள். பெட்டியையும் நகையையும் சோதித்துப் பிடுங்கிய அந்தப் பயணத்தில் ஒரு விளக்கு எப்படி வந்திருக்கும்! அணையாமல் பார்த்துக்கொண்ட கைகளை நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

பிரசாதம் வாங்கும் இடத்தில் ஒரு பெரியவர் சிறு புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அரபி எழுத்து. சிந்தியைப் பரம்பரையாக அப்படித்தான் எழுதுவார்கள். பக்கத்தில் இருந்த பேத்தியிடம் “உனக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். தெரியாது, பேசுவாளாம், அதுவும் தாத்தாவிடம் மட்டும். 1967-இல் சிந்தியை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்த்தார்கள். ஆனால் அதற்கென்று ஒரு மாநிலம் இல்லை, இந்த எழுத்தா தேவநாகரியா என்ற சண்டையும் தீரவில்லை, கடைப்பலகையெல்லாம் மராத்தியும் ஆங்கிலமும். செம்பூரில் பிறந்து தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் அண்ணன் மகன் அவர்களில் ஒருவன். ஆனால் அவனுக்குத் தமிழ் வேண்டுமென்றால் ரயிலேறினால் மறுநாள் அரக்கோணம். இந்தப் பெண் எங்கே ரயிலேறுவாள்?

திரும்பும் வழியில் அமாவைப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மா காலையிலேயே சித்தி சமையலறையில் நின்று மொய்ங்கா செய்திருந்தார். வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவைத்த குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றுவது. மீன் மட்டும் சேர்க்கவில்லை, அமாவுக்கு விரதம். அமா இரண்டு கரண்டி சாப்பிட்டு, வாழைத்தண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். பதிலுக்கு ஒரு துணிப்பை நிறைய அப்பளம். மிளகு தூக்கலாக, கையால் இட்டது.

விட்டல்வாடியில் வண்டி ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“அவங்க நம்பரைப் போட்டு வை. ஊருக்குப் போனதும் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன்.”

“என்ன பேர் போடட்டும்மா?”

“கேம்ப் நாலு அமான்னு போடு.”